சம்பந்தி வீட்டு வாளில் ஒரு குறை

மாப்பிள்ளை வீடு பார்ப்பதற்காக எங்கள் சொந்தத்தில் யாரும் திருநெல்வேலிக்கு வடக்கே போனதில்லை. நான் ஜப்பானுக்குப் போக வேண்டி வந்தது.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் முப்பது வருஷமாக விற்பனைக்கு நிற்கிறேன். வெட்டுக்கத்தி, அரிவாள், மண்வெட்டி, கோடாலி எல்லாம் என் கை வழியாகத்தான் வெளியே போகும். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. கத்தியைப் பற்றிக் கேட்டால் பேசுவேன். மற்றபடி நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கல்யாண வீடுகளில் பந்தியில் சாம்பார் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு வெறும் ரசத்தோடு எழுந்து வந்திருக்கிறேன்.

மகள் மாலதி திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் கழக்கூட்டத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, அங்கிருந்து ஜப்பானுக்குப் போனாள். மூன்றாவது வருஷம், கூட வேலை பார்க்கும் கென்தா என்கிற பையனைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று சொன்னாள். அவன் முன்பு ஒரு வருஷம் கழக்கூட்டம் ஆபீசில் இருந்தவனாம். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு ஜப்பான்காரப் பையன் எங்கள் கடைக்கு நாலு தடவை வந்து, நாலு தடவையும் ஒரே மாதிரி காய்கறிக் கத்தி வாங்கிக்கொண்டு போனான். தனியாக இருக்கிற பையனுக்கு இத்தனை கத்தி எதற்கு என்று நானும் முதலாளியும் பேசிக்கொண்டோம். பார்க்க வந்தது கத்தியை இல்லை, என்னை.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்ல மாட்டோம். மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது ஒரு பொருளைக் குறை சொல்லுவோம். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்போம், வாசற்படி உயரம் என்போம். அவர்களும் ஆமாம், கரிக்கத்தான் செய்கிறது என்பார்கள். அத்தோடு முடிந்தது. யாருக்கும் மனக்கசப்பு இல்லை. என் அக்காவுக்கு வந்த ஒரு நல்ல இடம், மாட்டுத்தொழுவத்துக் கூரை தணிவாக இருக்கிறது என்று என் அப்பா சொன்ன ஒரு வார்த்தையில் போனது.

கிளம்பும்போது என் மனைவி சரஸ்வதி சொன்னாள்: "நல்லாப் பாருங்க. பிடிக்கலைன்னா வழக்கம்போல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருங்க. அவங்களுக்குப் புரியாட்டாலும் மாலதிக்குப் புரியும்."

அவளுக்கு இதில் மனசு இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனசு இல்லை. அந்தப் பொறுப்பை என் பெட்டியில் வேட்டிக்கு மேலே வைத்து அனுப்பிவிட்டாள்.

ஒசாகாவில் இறங்கிய முதல் நாள் என்னைத் திகைக்க வைத்தது சத்தமில்லாமைதான். அவ்வளவு பெரிய ரோட்டில் ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை. கழக்கூட்டம் பைபாஸில் ஐந்து நிமிஷம் நின்றால் காதுக்குள் கேட்கிற சத்தம் இங்கே ஒரு மாசத்துக்கும் சேர்த்துக் கேட்காது போலிருந்தது. ரோட்டைக் கடக்க ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். வண்டி ஒன்றுமே வரவில்லை. ஆனாலும் விளக்கு மாறும் வரை நின்றார். அவருக்காக நானும் நின்றேன்.

மாலதி ஒரு சோற்று உருண்டை வாங்கித் தந்தாள். கடல்பாசித் தாளைச் சுற்றி, உள்ளே கொஞ்சம் மீன் வைத்திருந்தது. கட்டுச்சோற்றுக்கு வாழை இலைக்குப் பதில் தின்கிற இலை. நல்ல யோசனைதான். ஹோட்டலில் உட்கார்ந்தால் திருவனந்தபுரத்தில் பதிமுகப் பட்டை போட்டு இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் வைப்பது போல இங்கே பழுப்பு நிறத்தில் பார்லித் தண்ணீர் வைக்கிறார்கள், ஐஸ் போட்டு. கறிச்சோறு என்று ஒன்று வந்தது. அது சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை, லேசாக இனித்தது. பக்கத்து மேஜையில் இரண்டு ஆபீஸ்காரர்கள் என் தட்டையே பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "'இந்தியாக்காரருக்கு நம்ம கறி பிடிக்குமா, பாவம்'ன்னு சொல்றாங்கப்பா," என்றாள் மாலதி. அதைக் கேட்டபிறகு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அவர்கள் எழுந்து போகும்போது எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் கென்தாவின் ஊருக்குப் பயணம். ஒகாயாமா பக்கம், ரயிலில் சில மணி நேரம். மாலதிக்கு மத்தியானம் வரை ஆபீஸ் இருந்ததால் என்னைக் கென்தாவோடு அனுப்பிவிட்டு, பிறகு வருவதாகச் சொன்னாள். எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. அவனுக்குத் தமிழ் தெரியாது. கழக்கூட்டத்தில் பொறுக்கிய மலையாளம் ஒரு இருபது வார்த்தை இருந்தது. அதில் போதும் என்கிற 'மதி', அண்ணா என்கிற 'சேட்டா' இரண்டும் போனால் பதினெட்டு. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

நடுவில் ஒரு ஜங்ஷனில் ரயில் கொஞ்ச நேரம் நின்றது. நான் கழிப்பறை தேடிப் பின் பெட்டிக்குப் போனேன். வெளியே வந்து பார்த்தால் வெளியே ஓடுகிற மலை வேறு பக்கம் இருந்தது. அந்த ரயில் அங்கே இரண்டாகப் பிரியுமாம். முன் பாதி ஒரு ஊருக்கு, பின் பாதி வேறு ஊருக்கு. என் பையும் போனும் கென்தாவும் முன் பாதியில்.

கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்பதற்குப் பதில் ரயில் போகிற வரை போய்விடலாம், எங்கேயாவது முடியத்தானே செய்யும் என்றுகூடத் தோன்றியது. எதிர் இருக்கையில் காய்கறிக் கூடையோடு இருந்த ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். சட்டைப் பையில் மாலதி ஊர்ப் பேரும் கென்தாவின் போன் நம்பரும் எழுதி வைத்த சீட்டைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுக் கூடையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழம் எடுத்து என் கையில் வைத்தார். முதலில் பழம், பிறகு வழி. அடுத்த ஸ்டேஷனில் தன் கூடையோடு என்னோடே இறங்கி, என்னை ஸ்டேஷன் ஆளிடம் ஒப்படைத்தார். அவர் என்ன சொன்னார் என்று பிறகு அந்த ஸ்டேஷன் ஆள் போனில் கென்தாவிடம் சொல்லி, கென்தா மாலதியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னாள்: "இவர் முன் பாதியைச் சேர்ந்தவர். பத்திரமாகச் சேர்த்துவிடுங்கள்."

திரும்ப ஜங்ஷனுக்கு வந்தபோது கென்தா பிளாட்பாரத்தில் என் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வந்து, எனக்காக மூன்று ரயிலை விட்டிருக்கிறான். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஞான்... பஸ்... கிழக்கேகோட்டை," என்றான். பிறகு கையை நேர் எதிர்ப்பக்கம் நீட்டி, "ஆற்றிங்கல்," என்றான். கோட்டைக்கு ஏறியவன் ஆற்றிங்கலில் போய் இறங்கியிருக்கிறான். நான் சிரித்தேன். பிறகுதான் அவனும் சிரித்தான். ஆரஞ்சுப் பழத்தில் ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன்.

அந்தப் பிளாட்பாரத்திலேயே என் மனசு சரி என்று சொல்லிவிட்டது. ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாலதி சாயங்காலம் வந்து சேர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்லித் தண்ணீர் குடித்தேன்.

அன்று ராத்திரி அந்த ஊர் லாட்ஜில் தங்கி, மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வாசலில், "அப்பா, ஷூ இங்கயே ஊரிடணும், கேட்டோ," என்று மாலதி பாதி மலையாளத்தில் தாழ்ந்த குரலில் சொன்னாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குப் பிறந்ததிலிருந்து பழகியவன். ஆனால் அங்கே கழற்றிய ஷூவைத் திருப்பி வாசல் பார்த்து வைக்க வேண்டுமாம். அதை கென்தாவின் அம்மா நான் பார்க்காதபோது செய்துவிட்டார்.

கென்தாவின் அப்பா மொரிதா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் வயதுக்குப் பத்து கூட இருக்கும். தடித்த கை, சின்னக் கண்ணாடி. என்னைப் பார்த்துக் குனிந்தார். நான் கும்பிட்டேன். அவர் மறுபடியும் குனிந்தார். அதன் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சரக்கு தீர்ந்துவிட்டது. கென்தாவும் மாலதியும் மாறி மாறிப் பேச, நாங்கள் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உங்களுக்கும் எங்கப்பாவுக்கும் ஒரே வியாதி என்று கென்தா சொன்னதாக மாலதி சொன்னாள். அவர் மனைவி சமையல்கட்டில் இருந்தார். அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மரியாதையான சிரிப்பு. அதற்கு மேல் அதில் எதுவும் தெரியவில்லை.

அரைமணி நேரம் கழித்து மொரிதா எழுந்து உள்ளே போய், நீளமான ஒரு துணிப்பையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். கென்தாவின் முதுகு நிமிர்ந்தது. "வாளுப்பா. ரொம்பப் பழசு. இருபது வருஷம் முந்தி ஆசைப்பட்டு வாங்கினது. இவருக்கு உசுரு," என்று மாலதி என் காதில் சொன்னாள்.

மேஜை விளக்கு ஒன்றைக் கீழே இறக்கி வைத்தார். பையின் முடிச்சை அவிழ்த்தார். வாளைத் தரையில் வைத்து அதற்கும் குனிந்து வணக்கம் சொன்னார். பிறகு உறையிலிருந்து உருவினார். கிராம்பு வாசம் வந்தது. அந்த வாளுக்குக் கிராம்பு எண்ணெய் பூசி வைப்பார்களாம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடைகளைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு நொடி இருந்தது எனக்கு. மெல்லிய தாளால் எண்ணெயைத் துடைத்து, சன்னப் பொடி வைத்துக் கட்டிய துணி முடிச்சால் தட்டி, மறுபடி துடைத்து, என் பக்கம் நீட்டினார். ஒரு கையில் பிடி, மற்றக் கையில் பட்டுத்துணி, துணிமேல் அலகு. இரும்பில் விரல் படக்கூடாது. அதன்மேல் பேசக்கூடாது, எச்சில் தெறித்தால் துரு ஏறும்.

பேசாமல் இருக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் என் வலது கட்டைவிரல் தானாகக் கிளம்பிவிட்டது. கடையில் எந்தக் கத்தியை எடுத்தாலும் கூரில் கட்டைவிரலைக் குறுக்கே ஓட்டிப் பார்ப்பேன், முப்பது வருஷப் பழக்கம். "அப்பா, கை," என்றாள் மாலதி. அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன்.

எப்படிப் பார்ப்பது என்று மொரிதா ஜாடையில் காட்டினார். முதலில் நேராக நிமிர்த்திப் பிடித்து உருவத்தை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு விளக்குப் பக்கம் சாய்த்து இரும்பைப் பார்க்க வேண்டும். சாய்த்தேன். இரும்புக்குள் வரிவரியாக ஓடியது, அறுத்த பலாப்பலகையில் தெரிகிற மாதிரி. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் கூரின் ஓரமாக வெள்ளையாக ஒரு கோடு. சங்குமுகம் கடற்கரையில் அலை வந்து திரும்பிய பிறகு மணலில் ஒரு நுரைக்கோடு நிற்குமே, அந்த மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. முப்பது வருஷத்தில் நான் தொட்ட கத்திகளுக்கு எண்ணிக்கை இல்லை. இப்படி ஒரு இரும்பைத் தொட்டதில்லை.

அப்புறம்தான் உருவத்தை மறுபடி பார்த்தேன்.

எங்கள் கடையில் தொரட்டிக் கத்தி விற்கிறோம். பலாக்காய் பறிக்க நீளக் கம்பின் நுனியில் கட்டுவது. கம்பின் நுனியில் இருப்பதால் அலகின் மேல்பாதியில் முதுகை இழைத்துக் கனம் குறைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் கை வலிக்கும். அடிப்பாதி தடிமன். பழைய தொரட்டி தேய்ந்து வந்தால் கொல்லன் அதன் வளைந்த மூக்கைச் சீவி, பிடிக்குள் செருகுகிற வாலை வெட்டிச் சுருக்கி, மரப்பிடி போட்டு வெட்டுக்கத்தியாகத் தருவான். என்னதான் இழைத்தாலும் அந்த முதுகு காட்டிக்கொடுத்துவிடும். மொரிதாவின் வாளுக்கும் மேல்பாதியில் முதுகு மெலிந்திருந்தது. கூரோரம் ஓடிய நுரைக்கோடு நுனியில் திரும்பி வளையாமல் நேராக ஓடி அப்படியே அற்றுப் போயிற்று. மூக்கைச் சீவியிருக்கிறார்கள்.

மொரிதா மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியையும் கழற்றிக் காட்டினார். கறுத்துப்போன வால். அலகின் அடியில் ஒரு அகலமான பள்ளமும் பக்கத்திலேயே மெல்லிய பள்ளமும் செதுக்கியிருந்தது. இரண்டும் வாலுக்குள் இறங்கி, முடியாமலே பாதியில் அறுந்து நின்றன. யாரும் பள்ளத்தை அப்படிப் பாதியில் விட மாட்டார்கள். வாலை வெட்டியிருக்கிறார்கள். சந்தேகமே இல்லை. இது வாளாகப் பிறந்த வாள் இல்லை.

எனக்கு வேர்த்தது. இந்த மனுஷனை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். இருபது வருஷம் எண்ணெய் பூசி, பட்டுத்துணியில் வைத்து, வணக்கம் சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் கடையில் முதலாளி வைத்திருக்கிற ஒரே கட்டளை இதுதான்: வெட்டிச் சுருக்கிய கத்தி என்றால், கேட்காவிட்டாலும் வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நான் ஒன்றுகூட விற்றதில்லை. இப்போது சொன்னால் இவர் மனசு உடையும். சொல்லாமல் போனால், மகளைக் கொடுக்கிற வீட்டில் முதல் நாளே ஒன்றை மறைத்ததாகும். வாளைத் துணியில் ஏந்தியபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

வாளை மெதுவாகத் தரையில் வைத்தேன். பள்ளம் அறுந்த இடத்துக்கு நேரே, தொடாமல், விரலைக் காட்டினேன்.

"மாலதி, இது வெட்டினது. முழு வாளு இல்ல. வாலையும் வெட்டியிருக்கு, மூக்கையும் சீவியிருக்கு. அவர்ட்ட சொல்லிரு."

மாலதியின் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு ஜப்பான் மொழியில் சின்னதாக ஏதோ சொன்னாள். எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். மிக அழகாக இருக்கிறது என்று அப்பா சொல்கிறார் என்று அவள் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

ஆனால் மொரிதா அவளைக் கவனிக்கவில்லை. என் விரலையே பார்த்தார். தன் விரலையும் அதே இடத்துக்கு நேரே கொண்டுவந்தார். உள்ளங்கையைக் கத்திபோல வைத்து வெட்டுகிற மாதிரி ஜாடை காட்டி, கேள்வியாக என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றேன்.

அந்த மனுஷன் துள்ளி எழுந்தார். முட்டிவலிக்காரர் என்று சொல்லியிருந்தார்கள், உள்ளே ஓடினார். கென்தா அதற்குள் மூலையிலிருந்து ஒரு துடைப்பத்தை எடுத்துவந்து, அதன் நீளக் காம்பின் நுனியைக் காட்டி, "முன்பு... நீளக் கம்பு," என்று மலையாளத்தில் தடவினான். பிறகு வாளைக் காட்டி, "பின்னே... வாள்," என்றான். மொரிதா வாளோடு வாங்கிய ஒரு பழைய காகிதத்தோடு வந்து அதில் ஒரு வரியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் புரிந்தது. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கியிருக்கிறார். அதற்காகவேதான் வாங்கியிருக்கிறார். யாரும் சொல்லாமல் அதைக் கண்டுபிடித்த முதல் விருந்தாளி நான் என்பது பிறகு தெரிந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே பேசினார், பேசினார். ஒரு வார்த்தை புரியவில்லை. மாலதியைக் கூப்பிட்டேன். வரவில்லை.

சமையல்கட்டில் அவள் தொட்டியோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். கென்தாவின் அம்மா மாவு ஒட்டிய விரல்களை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பக்கத்தில் நின்றார். எண்ணெய்ச் சட்டியில் சாளை மாதிரி ஒரு மீன் பொரிந்துகொண்டிருந்தது.

"வேண்டாம்னா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்லாப்பா," என்றாள் மாலதி. "அவரோட வாளைப் போயா குறை சொல்லணும்? வேற எதுவுமே கிடைக்கலியா இந்த வீட்ல?"

அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிந்தது. சத்தியமாக அதுவரை தோன்றவே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் உசிராக வைத்திருக்கிற பொருளைக் குறை சொல்லியிருக்கிறேன். எங்கள் ஆட்களில் யார் கேட்டாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இதற்கு ஜாடை உதவாது. நேராகச் சொல்ல வேண்டும். எனக்கு அது வராது. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"வாளு வெட்டினதுதான், அதுல மாத்தமில்ல. பையன் நல்ல பையன். எனக்கு முழுச் சம்மதம். நேத்தே சம்மதம். சொல்ல வாய் வரல."

அவள் என்னைப் பார்த்தாள். "பின்னே எதுக்குக் குறை சொன்னீங்க?"

"அது குறை இல்லட்டி. அது உண்மை."

அழுதுகொண்டே சிரித்தாள். மீன் கருகியது.

பிறகு அவள் பாயில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருந்தது. எங்கள் வழக்கம், கிணற்றுத் தண்ணீர், என் அக்காவுக்கு வந்த இடம், மாட்டுத்தொழுவம் எல்லாம். மொரிதா கவனமாகக் கேட்டார். பிறகு எழுந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் உள்ள குறைகளை அவரே ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தார். இந்த இழுகதவு மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ளும். இந்தக் குழாய் சொட்டும். கூரையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டு நாய் காலையில் ஐந்து மணிக்குக் குரைக்கும். ஒவ்வொன்றுக்கும் நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் பரவாயில்லை என்று தலையாட்டினேன். நாய்க்கு மட்டும் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றேன். அவர் கவலைப்பட்டுவிட்டார். என்னிடம் அப்படி ஒரு குறும்பு இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

கருகாத மீனைச் சாப்பிட்டுவிட்டு வாளை மறுபடி எடுத்தோம். இந்த முறை வேர்க்கவில்லை. நகினாதா என்று அந்த நீளக் கம்பு ஆயுதத்துக்குப் பெயர். அதைச் சுழற்றிச் சண்டை போடுகிற காலம் போன பிறகு, அலகை விட மனசில்லாமல் யாரோ வாலை வெட்டி வாளாக்கி இடுப்பில் செருகியிருக்கிறார்கள். அடித்தவர் பெயர் வாலில் வெட்டியிருந்திருக்கலாம், வெட்டின துண்டோடு அது போயிருக்கும், அதனால் அது யார் கை என்பதை இரும்பைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும் என்றார் மொரிதா. எங்கள் கடையில் எப்படி என்று கேட்டார். மட்டமான இரும்பு வந்தால் கொல்லன் அதைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடுவான், வெட்டிச் சுருக்கி மெனக்கெட மாட்டான், நல்ல இரும்பைத்தான் மெனக்கெட்டு வெட்டுவான் என்றேன். மாலதி அதைச் சொன்னதும் மொரிதா ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் சரஸ்வதிக்குப் போன் செய்தேன். "குறை ஒண்ணுமில்லியா? நல்லாப் பாத்தீங்களா?" என்றாள். நல்லாப் பார்த்தேன் என்றேன். "செரி, வாங்க. பேசிக்கலாம்," என்றாள். அந்தச் 'செரி' எனக்குத் தெரியும். அது பாதிதான்.

மீதி நாட்கள் சுற்றிப் பார்த்ததில் போயின. மொரிதா தன் பழைய பஸ் ரூட்டில் என்னைக் கூட்டிப்போய், ஒவ்வொரு நிறுத்தத்தையும் தன் வீட்டுத் தின்பண்டம் போலக் காட்டினார். எனக்கு ஒரு உப்பு ஊறல் பழம் கொடுத்தார்கள், நார்த்தங்காயைவிட மூன்று மடங்கு உப்பும் புளிப்பும். இரண்டாவது கேட்டு வாங்கினேன். ஆமாம், கேட்டு.

திரும்புகிற அன்று ஸ்டேஷனுக்கு மொரிதாவும் அவர் மனைவியும் வந்தார்கள். ரயிலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அடுத்த மாசம் மாலதியையும் கூட்டிக்கொண்டு நாங்கள் உங்கள் வீடு பார்க்க வருகிறோம், அதுதானே முறை என்றார் மொரிதா. எனக்குத் திக்கென்றது. பிறகு, இவர் தன் வீட்டுக் குறையெல்லாம் காட்டினாரே, நான் மட்டும் மறைப்பதா என்று நினைத்து ஆரம்பித்தேன். மாலதி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாடகை வீடு. ஆரியசாலை சந்துக்குள்ளே, காலையில் சரக்கு லாரி வந்துவிட்டால் ஆள் உள்ளே போக முடியாது.

லாரிக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் இருக்கும் என்று கேட்டார், பஸ்காரர். எழுதிக்கொண்டார்.

குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்படியென்றால் குளித்துவிட்டு வருகிறோம் என்றார். மாடிப்படி ஏணி மாதிரி. கீழேயே உட்காருகிறோம் என்றார். பக்கத்தில் மிளகாய் மண்டி, புது மூட்டை அவிழ்த்தால் தெருவே தும்மும். அதற்குப் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்துக் காட்டினார். மூன்று வைத்திருந்தார்.

ரயில் வருகிற அறிவிப்புக் கேட்டது. ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லாமல் ஏறினால் சொன்னதெல்லாம் வீண்.

"பெரிய குறை ஒண்ணு இருக்கு," என்றேன். "என் வீட்டுக்காரிக்கு இன்னும் முழு மனசு வரல."

மாலதி என்னைப் பார்த்தாள். சொல்லு என்றேன். சொன்னாள். மொரிதாவின் பேனா நின்றது. பக்கத்தில் அவர் மனைவி, இத்தனை நாளும் சிரித்துக் குனிந்து சாப்பாடு பரிமாறியவர், முதல் முறையாக என்னைப் பார்த்து நேராகப் பேசினார். சின்னக் குரல், ஆனால் நிறுத்தாமல் பேசினார். மாலதி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கண் கலங்கியது.

"என்ன சொல்லுதாங்க?"

"அவங்களுக்கும் மனசு இல்லாமத்தான் இருந்துச்சாம்ப்பா. வெள்ளிக்கிழமை வரைக்கும். வாளைப் பாக்கறவங்க எல்லாரும் அழகுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்களாம். ஒருத்தர் உண்மையைச் சொல்லணுமேன்னு வேர்த்துப்போய் உக்காந்திருந்ததை அன்னைக்கு அவங்க கதவு வழியாப் பாத்துட்டு நின்னாங்களாம். அந்த வீட்டுப் பொண்ணு வரட்டும்னு அப்பத்தான் தோணுச்சாம்."

ரயில் வந்து நின்று கதவு திறந்தது. அவர் என் கையில் ஊறல் பழம் ஜாடி ஒன்றை வைத்து, மேலும் ஒரு வாக்கியம் சொன்னார்.

"இது அம்மாவுக்காம். மனசு வர்றதுக்கு அவசரமில்லையாம். அதைப் பத்தி அம்மாகிட்ட அவங்களே வந்து பேசிக்கறாங்களாம். நம்ம ரெண்டு பேரையும் அப்போ வெளியில போயிருக்கச் சொல்லுறாங்க."